அன்னை கஸ்தூர்பா மாறிய வீடுகள்

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு வீடு மாற்றுவது புதிதல்ல. சாமான் கட்டும் பாரம் மட்டும் எப்போதும் வீட்டு அம்மாக்கள் தலையில்தான். அன்னை கஸ்தூர்பாவை அந்த வரிசையில் வைத்துப் பார்க்கிறேன்.

1869இல் போர்பந்தரில் பிறந்தவர். பிறகு ராஜ்கோட், 1897இல் டர்பன், அடுத்து பீனிக்ஸ் பண்ணை, 1915இல் அகமதாபாத் ஆசிரமம், 1936க்குப் பின் சேவாகிராமம். நான்கு பிள்ளைகளை வளர்த்தபடியே இத்தனை இடம்!

1913இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒன்று, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத திருமணம் செல்லாது என்றது. ஊரறியத் தாலி கட்டியவளும் சட்டத்தின் முன் மனைவியில்லை என்றாகிவிட்டது. அம்மையார் சும்மா இருக்கவில்லை. செப்டம்பரில் எல்லை தாண்டிக் கைதாகி, மாரிட்ஸ்பர்க் சிறையில் மூன்று மாதக் கடுங்காவல் அனுபவித்தார். அங்கும் தம் உணவு விரதத்தை விடவில்லை. எலும்பும் தோலுமாகத்தான் வெளியே வந்தார். விரதத்தின் அருமை எங்கள் சமண வீடுகளுக்குத் தெரியும்.

அதே போராட்டத்தில் தமிழ்ப் பெண்கள் பலரும் சிறை சென்றார்கள். சிறையில் கண்ட காய்ச்சலால் தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22இல் மறைந்தார். அந்த ஆண்டே நம் திருமணங்களைச் சட்டம் ஏற்றது.

1917இல் பீகாரின் சம்பாரண் சென்றபோது, அதிகம் படிக்காத கஸ்தூர்பா, கிராமப் பெண்களுக்குச் சுத்தமும் சுகாதாரமும் சொல்லிக் கொடுத்தார். 1933இல் கடைசி மகன் தேவதாஸ், ராஜாஜியின் மகளை மணந்தார். ஆக, நமக்குச் சம்பந்தியம்மா!

கடைசி வீடு, புனேயில் சிறையாக இருந்த ஆகாகான் மாளிகை. 1944 பிப்ரவரி 22இல் கணவர் மடியில் உயிர் பிரிந்தது. வள்ளியம்மை மறைந்த அதே தேதி. சரியாக 30 ஆண்டுகள் கழித்து. அன்று இருவருக்கும் சேர்த்து நம் வீடுகளில் ஒரு விளக்கு ஏற்றுவோமே.