குதிகாலுக்கு வந்த மெல்லொளி

1967இல் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்னும் மருத்துவர் எலிகளின் மயிரை மழித்து, அங்கே வலுக்குறைந்த மாணிக்க லேசர் ஒளியைப் பாய்ச்சினார். லேசர் புற்றுநோயை உண்டாக்குமோ என்பது அவரது ஐயம். புற்று தோன்றவில்லை, ஒளிபட்ட இடத்தில் மயிர்தான் விரைந்து வளர்ந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறு! பின்னர் ஆறாத புண்களுக்கு அவர் அவ்வொளியைப் பயன்படுத்தினார். புண்ணிலிருந்து மூட்டுவலி, தசைவலி என்று பரவிய அச்சிகிச்சை குதிகாலையும் வந்தடைந்தது.

காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குத்தும் அவ்வலியைப் பாதத் திசுப்பட்டையின் அழற்சி என்றே மருத்துவம் அழைத்தது. லேசர் அழற்சியைத் தணிக்கும் என்பது எதிர்பார்ப்பு. 1998இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் உண்மை லேசருக்கும் போலி லேசருக்கும் வேறுபாடு தெரியவில்லை. பின்வந்த சில ஆய்வுகள் வலி குறைந்ததாகக் கூறின. ஒளியின் அளவும் அலைநீளமும் ஆய்வுக்கு ஆய்வு மாறியமையால் அவற்றை ஒப்பிடுவதே கடினம்.

இதனினும் பெரிய அடி பெயரின்மீது விழுந்தது. 2003இல் லெமாண்ட் குழுவினர், அறுவையில் எடுக்கப்பட்ட 50 திசு மாதிரிகளின் முடிவுகளை ஆராய்ந்தனர். அவர்கள் கண்டது அழற்சியன்று, திசுச் சிதைவு. அழற்சியைக் குறிக்கும் 'ஐடிஸ்' என்ற கிரேக்க விகுதிக்கு மாற்றாக 'ஓசிஸ்' முன்மொழியப்பட்டது. லேசரால் வலி குறைவது மெய்யெனில், அதன் காரணத்தை இனி வேறிடத்தில் தேட வேண்டும்.