ரேகை வைத்த ஊர்கள்

பொழுது அடைந்தபின் ஆம்பளை வீட்டில் படுக்கக் கூடாது. எங்கள் சீயான் (தாத்தா) காலத்தில் உசிலம்பட்டிப் பக்கம் அதுதான் சட்டம். மீசை முளைத்தவர்கள் எல்லாரும் கம்பளியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கோ, ஏட்டையா சொன்ன சாவடிக்கோ போக வேண்டும். பேர் கூப்பிடும்போது "இருக்கேன் சாமி" என்று குரல் கொடுத்துவிட்டு, விடியும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். வெளியூரில் கல்யாணம், எழவு என்றால் ராத்திரிச் சீட்டு வாங்கித்தான் ஊர் எல்லையைத் தாண்டலாம். சீட்டு இல்லாமல் பிடிபட்டால் ஜெயில். ஊருக்கு ஊர் கெடுபிடி கூடும் குறையும். ஏட்டையாவின் மனசையும் கொஞ்சம் பொறுத்தது.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வட இந்தியாவுக்காகப் போட்டது. 1911-ல் அதைத் திருத்தி எழுதியபோதுதான் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தது. ஒருவன் திருடினானா என்று அந்தச் சட்டம் கேட்காது. எந்தச் சாதியில் பிறந்தான் என்று மட்டும் கேட்கும். பிரமலைக் கள்ளர்களான எங்கள் ஆட்களில் முதலில் சில ஊர்களைப் பிடித்தார்கள், பிறகு மொத்தச் சமூகத்தையும் பதிவேட்டில் ஏற்றினார்கள். மையைத் தடவிப் பத்து விரலையும் தாளில் உருட்டி எடுப்பதால், எங்கள் ஊர்களில் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பேர்.

எங்கள் ஆட்கள் திருடவே இல்லை என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. களவும் இருந்தது, காவலும் இருந்தது. அறுப்பு முடிந்ததும் குடியானவர்கள் காவல்காரனுக்குத் தானியம் அளப்பார்கள். ஊரில் பொருள் களவுபோனால் அவன் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடுகட்ட வேண்டும். மாடு தொலைந்தால் துப்புக்கூலி கொடுத்து மீட்கலாம். கூலி வாங்கியவனும் மாட்டை ஓட்டிப்போனவனும் மாமன் மச்சானாக இருந்ததும் உண்டு. வெள்ளைக்காரன் 1859-ல் போலீஸ் படையை அமைத்த பிறகு இந்தக் காவலுக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போனது. 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் 'பண்டு' என்ற பேரில் பணம் திரட்டிக் கூட்டம் சேர்த்து, கள்ளர்களை ஊரைவிட்டு விரட்டினார்கள். பெரியாறு அணை கட்டி 1895-ல் தண்ணீர் வந்தது. மேலூர்ப் பக்கம் வயல் விளைந்தது, எங்கள் மேட்டுக்கு அந்தத் தண்ணீர் ஏறவில்லை. காவல் போச்சு, தண்ணீரும் வரவில்லை. அடுத்து வந்தது ரேகை.

பெருங்காமநல்லூர்க்காரர்கள் ரேகை வைக்க மாட்டோம் என்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் போய் ஊரைச் சுற்றியது. வாக்குவாதம் முற்றித் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன மாயக்காளையும் சேர்த்து 16 பேரின் பெயர்கள் இன்று அங்கே நினைவுத்தூணில் இருக்கின்றன. பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலத்துக்கு நடத்தியே கூட்டிப்போனதாக ஊரில் சொல்வார்கள். அவர்களுக்காக வாதாட வந்தவர் மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்த கிறிஸ்தவர். சட்டையில் ரோஜா குத்தியிருந்ததால் ஜனங்களுக்கு அவர் ரோசாப்பூ துரை. எங்கள் பக்கம் ரோசாப்பூ என்று ஆம்பளைப் பிள்ளைக்குப் பெயர் வைத்தது அவர் நினைவாகத்தான்.

துப்பாக்கிச்சூட்டைப் பற்றி இப்போது நிறையவே எழுதுகிறார்கள். எனக்கு அந்த ராத்திரிகள்தான் பெரிதாகப் படுகின்றன. பொழுது சாயுமுன்னே கூழைக் கரைத்துக் கொடுத்து சீயானை அனுப்பிவிட்டு, அப்பத்தா முறத்துக்கடியில் அரிவாளை வைத்துக்கொண்டு படுப்பாளாம். "ஊரைக் காத்தவன் வீட்டுக்கு ராத்திரியில காவல் இல்லடா அப்பு" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். புதுசாகக் கல்யாணம் ஆனவனுக்கும் சாவடிதான். பெண் கொடுக்க வருகிறவர்கள் நிலம் எவ்வளவு என்று கேட்கிறதுக்கு முன்னாடி, மாப்பிள்ளைக்கு ரேகை உண்டா, விலக்கு வாங்கியாச்சா என்று கேட்பார்களாம். விலக்கு வேண்டுமென்றால் பஞ்சாயத்தார் நல்லவன் என்று சொல்ல வேண்டும். அந்தப் பஞ்சாயத்தையும் சர்க்காரே ஊர் ஊராக ஏற்படுத்தியது. வரப்புத் தகராறில் முறுக்கிக்கொண்ட பங்காளி அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? சொந்தத்துக்குள் ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொடுக்கிற பழக்கத்தைச் சட்டம் அப்படித்தான் ஊட்டி வளர்த்தது. அதில் விழுந்த பகை சில குடும்பங்களில் என் வயசு ஆட்கள்வரை நீடித்தது.

சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் போய்விட்டது. சீயானை விட்டு அது போகவில்லை. காக்கிச்சட்டை போட்டுத் தபால்காரர் வந்தாலும் கட்டிலைவிட்டு எழுந்து நிற்பார். சந்தைக்குப் போனால்கூட எந்த வழியாகப் போகிறேன், எப்போது திரும்புவேன் என்று யாரிடமாவது சொல்லாமல் கிளம்ப மாட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கப் போனபோது மைப்பெட்டியைத் தள்ளினார்கள். கடனே வேண்டாம் என்று வந்துவிட்டார். அதற்குப் பிறகு என் அப்பாவிடம் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போடப் பழகினார். கடைசி எழுத்துக்குப் புள்ளி மட்டும் வைக்க மாட்டார்.

பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பழக்கியவை கள்ளர் பள்ளிக்கூடங்கள். 1920-க்குப் பிறகு 'சீர்திருத்தம்' என்ற பேரில் பள்ளிக்கூடம், விடுதி, கிணறு வெட்டக் கடன் எல்லாம் வந்தன. ஆரம்பத்தில் போலீஸ் கண்காணிப்பில்தான். அப்பன் பேர் சாவடிப் பதிவேட்டில், மகன் பேர் பள்ளிக்கூடப் பதிவேட்டில். இரண்டையும் ஒரே சர்க்கார்தான் வாசித்தது. நான் படித்ததும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான், வாத்தியாராகிச் சம்பளம் வாங்கியதும் அதில்தான். அதனால் இந்தச் சீர்திருத்தத்தை முழுசாகத் திட்டவும் என்னால் முடியவில்லை, கையெடுத்துக் கும்பிடவும் முடியவில்லை.

ரேகை போனதும் 1948-ல் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். இதில் பிறப்பைப் பார்க்காமல் தண்டனையைப் பார்ப்பார்கள் என்பது ஏட்டில் உள்ள வித்தியாசம். உசிலம்பட்டிக்கு வேறு விதத்திலும் பட்டம் வந்தது. 1980-களில் பெண் சிசுக்கொலை பத்திரிகைகளில் வெளியானதும், ஊர்ப் பேரைச் சொன்னாலே எதிராளி முகம் மாறியது. நடந்தது பொய் இல்லை. வரதட்சணை ஏறிய வேகத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், கள்ளிப்பாலைப் பற்றிக் காதாலும் கேட்டிருக்கிறேன். ஆனால் வெளியூர்ப் பயிற்சி முகாமில் பக்கத்து வாத்தியார், ரெண்டு பெண்ணைப் பெத்து ஆசையாய் வளர்க்கிற என்னிடம், "உங்க வீட்ல எத்தனை சார்?" என்று கேட்டபோது, சாவடியில் பேர் கூப்பிட்ட குரல் அப்படித்தான் இருந்திருக்கும் என்று பட்டது.

இவ்வளவு பட்ட நாங்கள் மற்றவர்களை எப்படி நடத்துகிறோம் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே சட்டத்தில் குறவர்களும் இருந்தார்கள், இன்னும் பல சமூகங்களும் இருந்தன. தலைவர்களும் ஓட்டும் உள்ள நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். கண்டுபிடிக்க முடியாத நகைத் திருட்டுக்குக் குறவர் வீட்டு ஆம்பளையைத் தூக்கிப்போவது இன்றைக்கும் நடக்கிறது. எங்கள் டீக்கடையில் ஆடு காணவில்லை என்ற பேச்சு வந்தால், முதலில் அவர்கள் பேரைச் சொல்கிறவன் ரேகை வைத்தவனின் பேரன்தான். ஏப்ரல் 3-க்கு மாலையோடு பெருங்காமநல்லூர் போகிறவனும் அவன்தான். சேரிக்காரர்களோடு எங்களுக்குள்ள கணக்கு இதைவிடப் பழையது. அதைப் பேச ஆரம்பித்தால் நினைவுநாள் கூட்டத்தில் மைக்கை வாங்கிவிடுகிறார்கள்.

2023 பட்ஜெட்டில் கள்ளர் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையோடு இணைக்கப் போவதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது என்றது. எங்கள் ஆட்கள் கொதித்துப் போனார்கள். எதிர்ப்பு மனுவில் என் கையெழுத்தையும் கேட்டார்கள். விடுதியை மூடாதே, வாத்தியார் இடங்களைக் காலியாகப் போடாதே என்ற வரிகளுக்குப் போடுகிறேன், பெயர்ப்பலகையை மாற்றாதே என்ற வரிக்குப் போட மாட்டேன் என்றேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். மனுவை இரண்டாகப் பிரித்து எழுத முடியாது என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.