ஔவைக்குக் குரல் தந்தவர்

தோட்டத் தமிழர் வரலாற்றைக் கங்காணி முறையையும் ரப்பர் விலையையும் கொண்டு மட்டும் எழுதுதல் போதாது. அவர்கள் செவிமடுத்த குரல்களையும் நாம் ஆராய்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் குரல்.

இளமையிலேயே மேடையேறிய அவர், எஸ். ஜி. கிட்டப்பாவுடன் பாடிப் பெரும்புகழ் எய்தினார். இசைத்தட்டுகள் அப்புகழைப் பரப்பின. 1933இல் கிட்டப்பா மறைந்தபின், எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். அவ்வுறுதியே அவர்தம் திரை வேடங்களைத் தீர்மானித்தது. 1935இல் நந்தனாராக ஆண்வேடம் ஏற்று, ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். 1953இல் ஜெமினியின் படத்தில் ஔவையாரானார்.

இங்கு, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மர் இருப்பின் தோட்ட நிருவாகமே பள்ளி அமைத்தல் வேண்டுமென விதித்திருந்தது. கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டப் பிள்ளைகள் அத்தகைய பள்ளிகளில் பயின்ற ஆத்திசூடிக்கு, அத்திரைப்படம் முகமும் குரலும் தந்தது.

ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம்விட்டன. குடும்பங்கள் நகருக்குப் பெயர்ந்தன. பத்தாங் பெர்ஜுந்தையும் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. அக்குரலை நினைவுகூரும் முதியோர் இன்னும் உளர். அவர்தம் நினைவுகளை மாணவர் கேட்டெழுதுமாறு ஆசிரியர் வழிகாட்டுதல் வேண்டும். நிருவாகக் கணக்கேடுகளில் கூலி உண்டு, பாட்டு இல்லை.