மூன்று கைகளுடைய காபன்



சேதன இரசாயனம் பயிலும் மாணவரின் குறிப்பேட்டைத் திறந்தால், பக்கந்தோறும் அம்புக்குறிகள் தென்படும். அம்பின் இடப்புறத்தே ஒரு பொருள், வலப்புறத்தே மற்றொன்று, மேலே, மாற்றத்தை விளைக்கும் சோதனைப்பொருளின் பெயர். இம்மூன்றையும் நெட்டுருச் செய்துவிட்டாற் போதுமென எண்ணுவோர் பலர். ஆயின் அச்சிறு அம்பினுள்ளே, தோன்றிய கணத்திலேயே மறையும் இடைநிலைப் பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. அத்தகையதொன்று அறிஞர் கையில் அகப்பட்ட வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன். கலைத்துறையிற் பட்டம் பெற்ற யான் இதிற் புகத் துணிந்தமை, இது வரலாறாகவும் இருத்தலினாலேயாம்.

காபன் அணு நான்கு கைகளால் மற்றை அணுக்களைப் பற்றும் என்று கெக்குலே 1858இல் வகுத்தார். நூற்றாண்டின் இறுதியில் அது வேதவாக்காகவே மதிக்கப்பட்டது.

இன்றைய உக்ரேனில் 1866இற் பிறந்த மோசசு கொம்பேர்க்கு, குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் கற்று ஆசிரியரானவர். ஒரு காபனில் நான்கு பீனைல் வளையங்களைப் பிணைத்தல் இயலாதென்று கருதப்பட்டது. 1897இல் யேர்மனியின் ஐடல்பேர்க்கில் அவர் அதனைச் செய்து காட்டினார். அடுத்து, மும்மூன்று வளையங்களைத் தாங்கிய இரு காபன்களை ஒன்றோடொன்று இணைக்க முனைந்தார். முப்பீனைல்மீதைல் குளோரைட்டை எடுத்து, அதன் குளோரீனைப் பறித்தெடுக்க வெள்ளியைப் பயன்படுத்தினார்.

வெண்ணிறப் பொருளொன்று கிடைத்தது. நூற்றுக்குச் சற்றேறக்குறைய 94 பங்கு காபன் இருந்திருக்க வேண்டும். பகுப்பாய்விலோ 88 பங்கே தெரிந்தது. கலத்தின் அழுக்கையோ தராசையோ நொந்துகொண்டு வேறு வேலை பார்க்கப் போவோர் உளர். கொம்பேர்க்கு சோதனையை மீண்டும் மீண்டும் செய்தார். குறை மாறவில்லை. காணாமற்போன அந்த ஆறு பங்கு ஒட்சிசனாகும்! எவரும் இடாத ஒட்சிசன் காற்றிலிருந்தே புகுந்திருந்தது.

எனவே காற்றை விலக்கி, காபனீரொட்சைட்டு நிரம்பிய கலத்தில், துத்தநாகத்தைக் கொண்டு சோதனையை நடத்தினார். கரைசல் மஞ்சள் நிறமாயிற்று. காற்றுப் பட்டதும் நிறம் மறைந்தது. அயடீனையும் அது விரைந்து விழுங்கியது. நான்காவது கை வெறுமையாய்த் துணை தேடும் காபனே இவ்வாறு நடக்குமென அவர் முடிவு செய்தார். 1900இல் அமெரிக்க இரசாயனக் கழகத்தின் இதழில் அதனை வெளியிட்டு, இத்துறையைத் தமக்கே விட்டுவைக்குமாறும் வேண்டிக்கொண்டார். பிறர் அதற்குச் செவிசாய்த்தாரல்லர்!

மூன்று பெரிய வளையங்கள் நெருங்கி நின்று காத்தமையால் இம்மூலிகம் சற்றே நிலைத்தது. காவலற்ற சிறு மீதைல் மூலிகத்தின் ஆயுளோ நொடியின் நூறிலொரு பங்குக்கும் குறைவு. 1929இற் பனெத்து, குழாயின் உட்சுவரிற் படிந்த ஈயக் கண்ணாடிப் படலம் அம்மூலிகம் பட்டு மறைந்ததைக் கொண்டே அதன் இருப்பை நிலைநாட்டினார்.

கொம்பேர்க்கின் கரைசலில் மூலிகங்களிற் பெரும்பாலானவை இரண்டிரண்டாய் இணைந்தே இருந்தன. அவர் செய்ய எண்ணிய பொருள் அதுவே என்று நெடுங்காலம் நூல்கள் எழுதிவந்தன. 1905இலேயே யாக்கோப்சன் வேறோர் அமைப்பைக் கூறியிருந்தார். அதுவே சரியென 1968இல் உறுதியாயிற்று. ஒரு மூலிகத்தின் நடுக்காபன் மற்றதன் வளையத்தின் ஓரத்தையே பற்றியிருந்தது. கொம்பேர்க்கு தேடிப் புறப்பட்ட பொருள் அவர் கலத்தில் ஒருபோதும் உருவாகவேயில்லை.