கோவிலுக்குள் ஒரு பந்தி



கிறிஸ்து பிறப்பு விழா நெருங்குகிறது. குடில் கட்டுகிறோம், நட்சத்திரம் ஏற்றுகிறோம், புத்தாடை எடுக்கிறோம். தங்குவதற்கு இடம் கிடைக்காமல் அலைந்த ஒரு குடும்பத்தின் கதையைத்தான் இத்தனை வெளிச்சத்தோடு கொண்டாடுகிறோம். இன்றும் இடம் கிடைக்காதவர்களுக்கு அந்த விழாவில் இடம் உண்டா? இதற்கு உரோமை நகரில் சிலர் தந்த பதிலை இன்று சிந்திப்போம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு நிறைவுற்றது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1968இல், அந்திரேயா ரிக்கார்தி என்ற பள்ளி மாணவர் தம் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு நற்செய்தி வாசிக்கத் தொடங்கினார். வாசித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. நகரின் ஓரத்தில் குடிசைகளில் வாழ்ந்த ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார்கள். பின்னர் திரஸ்தேவெரே பகுதியில் இருந்த பழைய துறவு மடம் ஒன்று அவர்களின் இல்லமானது. அதன் பெயராலேயே அவர்களைச் சான் எஜீதியோ குழுமம் என்கிறோம்.

1982ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாள். திரஸ்தேவெரே அன்னை மரியா பெருங்கோவிலுக்குள் இவர்கள் விருந்து வைத்தார்கள். விருந்தினர் சுமார் 20 பேர். துணையில்லாமல் தனியே வாழ்ந்த முதியவர்களும், தெருவில் உறங்கியவர்களும் அங்கே அமர்ந்தார்கள். மண்டபமோ வாசல் திண்ணையோ அல்ல, திருப்பலி நடக்கும் அதே கோவில். பீடத்தில் உடைக்கப்படும் அப்பமும் பந்தியில் பரிமாறப்படும் உணவும் ஒரே கூரையின் கீழ் வந்தன. திருச்சபையின் செல்வங்களைக் கொண்டுவா என்று அதிகாரி கேட்டபோது, ஏழைகளை அழைத்துவந்து காட்டினார் 258இல் மறைசாட்சியான திருத்தொண்டர் புனித இலாரன்சு என்பது மரபு. அவருடைய நகரத்தில் இந்தப் பந்தி புதுமையல்ல, பழைய நினைவுதான்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. சரியாக 37 நாள்கள் கழித்து, 1983 ஜனவரி 31 அன்று, அதே உரோமையின் தெர்மினி இரயில் நிலையத்தில் மொதெஸ்தா வலென்தி என்ற 70 வயதைக் கடந்த வீடற்ற பெண் நோயுற்று விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. அவர் உடல் அழுக்காக இருக்கிறது, பேன் இருக்கிறது என்று சொல்லி ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். உதவிக்குக் காத்திருந்தபடியே அவர் இறந்தார்.

விழா நாளில் ஒருவேளை உணவிட்டால் போதுமா என்ற கேள்விக்கு இதைவிடக் கடுமையான பதில் வேண்டியதில்லை. அந்த இளைஞர்கள் மனம் உடைந்து விலகவில்லை. ஆண்டுதோறும் அந்த நினைவு நாளையொட்டித் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது. தெருவில் இறந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டு, ஒவ்வொரு பெயருக்கும் மெழுகுதிரி ஏற்றப்படுகிறது. உரோமை நகராட்சியும் மொதெஸ்தாவின் பெயரில் ஒரு தெருவை ஏற்படுத்தியது. அந்தத் தெருவில் வீடு ஒன்றும் கிடையாது. அது பதிவேட்டில் மட்டுமே உள்ள முகவரி. வீடற்றோர் அதைத் தங்கள் முகவரியாகப் பதிந்து, அடையாள அட்டையும் மருத்துவ வசதியும் பெற முடிகிறது. ஆம்புலன்ஸில் இடம் கிடைக்காத பெண், இன்று மற்றவர்களுக்கு இடம் தருகிறார்.

1988இல் தந்தோலோ தெருவில் குழுமத்தின் உணவகம் திறக்கப்பட்டது. எங்கே உண்ணலாம், எங்கே உறங்கலாம், எங்கே குளிக்கலாம் என்று ஏழைகளுக்குச் சொல்லும் கையேடும் ஆண்டுதோறும் வருகிறது. 2009 டிசம்பர் 27, திருக்குடும்ப விழாவன்று, திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அந்த உணவகத்துக்குச் சென்று ஏழைகளோடு உணவருந்தினார். 20 பேரோடு தொடங்கிய பந்தி இன்று பல கண்டங்களில் போடப்படுகிறது.

அந்தப் பந்தியின் ஒழுங்கில் ஒன்றைக் கவனிப்போம். ஒவ்வொருவருக்கும் தரும் பரிசில் அவருடைய பெயர் எழுதப்பட்டிருக்கும். பெயர் எழுத வேண்டுமானால் முன்பே பெயர் தெரிந்திருக்க வேண்டும். பெயர் தெரிய வேண்டுமானால் ஆண்டு முழுவதும் அவரைத் தேடிச் சென்றிருக்க வேண்டும். டிசம்பர் 25இன் விருந்துக்கு வேலை ஜனவரியிலேயே தொடங்கிவிடுகிறது.

நம்மிலும் பலர் விழா நாளில் பொட்டலம் கொடுக்கிறோம். நல்லதுதான், விட்டுவிட வேண்டாம். ஆனால் கொடுத்துவிட்டு நகரும் முன் ஒரு நிமிடம் உட்காருவோம். உங்கள் பெயர் என்னங்க என்று கேட்போம். சாப்பிட்டீர்களா, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்போம். விழா முடிந்து குடிலைக் கழற்றிய பிறகும், அதே பேருந்து நிலையத்துக்கு, அதே மனிதரைத் தேடி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போவோம்.

மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பாலன் இயேசு அதற்கான மனதை நமக்குத் தருவாராக. ஆமென்.