ஓசியிலும் வாங்கமுடியாத சில்லு

சந்தை என்றால் போட்டி. போட்டி என்றால் வாங்குபவரின் சுதந்திரம். இந்தச் சமன்பாட்டைச் சந்தேகிக்க ஒரு சின்னக் கணக்கு போதும். ஏஎம்டி நிறுவனம் ஒரு கணினி உற்பத்தியாளருக்குப் பத்து லட்சம் சில்லுகளைச் சும்மாவே தருவதாகச் சொன்னது. அவர் எடுத்துக்கொண்டதோ 1,60,000தான். முழுவதையும் எடுத்திருந்தால், மற்ற லட்சக்கணக்கான சில்லுகளுக்கு இன்டெல் தந்த தள்ளுபடி போயிருக்கும். ஓசியில் வாங்கினால் நஷ்டம்! 2009இல் இன்டெல்லுக்கு 106 கோடி யூரோ அபராதம் விதித்தபோது ஐரோப்பிய ஆணையம் சொன்ன உதாரணம் இது.

இந்த நிலை இயல்பாக வந்ததல்ல. 1981இல் ஐபிஎம் தன் பிசிக்கு இன்டெல்லின் 8088ஐத் தேர்ந்தெடுத்தபோது பிடி வாங்குபவர் கையில் இருந்தது. ஒரே ஆளை நம்பியிருக்க ஐபிஎம் தயாராக இல்லை. இன்னொரு உற்பத்தியாளரும் வேண்டும் என்றது. 1982 ஒப்பந்தத்தின் வழியே ஏஎம்டி அந்த இடத்துக்கு வந்தது. ஆனால் 1985இல் வெளியான 386ஐப் பகிர்ந்துகொள்ள இன்டெல் மறுத்தது. 1986இல் காம்பாக் அந்தச் சில்லோடு ஐபிஎம்மை முந்திக்கொண்டு கணினியை இறக்கியது. பிடி கைமாறிவிட்டது. ஏஎம்டியின் 386 வருவதற்கு 1991 ஆயிற்று.

அதே 1991இல்தான் 'இன்டெல் இன்சைட்' பிரச்சாரம். கணினிக் கம்பெனிகளின் விளம்பரச் செலவில் ஒரு பங்கை இன்டெல் ஏற்றுக்கொண்டது. பெட்டிக்குள் கண்ணில் படாமல் கிடந்த பொருள் பெட்டியின் முகத்தில் பெயராக ஒட்டிக்கொண்டது. எண்ணை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்றானபின், 1992இல் 'பென்டியம்' என்ற பெயர் பிறந்தது.

2003இல் ஏஎம்டி தன் 64 பிட் சில்லுகளால் தொழில்நுட்பத்தில் முந்தியது. அப்போதும் டெல் அசையவில்லை. 2006இல்தான் ஏஎம்டி பக்கம் திரும்பியது. 2007 நிதியாண்டின் முதல் காலாண்டில் டெல்லுக்கு இன்டெல் தந்த தொகை, டெல்லின் செயல்பாட்டு லாபத்தில் 76 சதவீதத்துக்குச் சமம் என்று அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2010இல் குற்றஞ்சாட்டியது. டெல் விற்றது கணினியையா, விசுவாசத்தையா?

முடிவு என்ன? 2009 நவம்பரில் இன்டெல் ஏஎம்டிக்கு 125 கோடி டாலர் கொடுத்துச் சமாதானமானது. 2022இல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அந்த அபராதத்தை ரத்துசெய்தது. தள்ளுபடிகள் போட்டியை நசுக்கின என்பது போதிய அளவு நிரூபிக்கப்படவில்லையாம். 2024இல் மேல்நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஏஎம்டி கணினிகளைத் தாமதப்படுத்த அப்பட்டமாகக் கொடுத்த காசுக்கு மட்டும் 2023இல் 37.6 கோடி யூரோ அபராதம் மறுபடி விதிக்கப்பட்டது.

ஆக, மிரட்டல் வெளிப்படையாக இருந்தால் சட்டத்துக்குத் தெரிகிறது. சலுகை வேடத்தில் வந்தால் அது வியாபாரம். அதிகாரத்தைத் தடையாகவும் தண்டனையாகவும் மட்டுமே பார்த்துப் பழகிய நாம், அது கொடுக்கும் இடங்களையும் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது.