மாற்றுச் சாவியும் கள்ளச் சாவியும்: மென்பொருள் குழுமங்களின் பொறுப்பு குறித்து

காசு கொடுத்து வாங்கிய டிவிடி ஒன்றை லினக்ஸ் கணினியில் போட்டால் பல நேரம் படம் ஓடாது. வட்டிலும் பழுதில்லை, கணினியிலும் பழுதில்லை. கடைக்கு வரும் திரைப்பட வட்டுகளில் பெரும்பாலானவை சிஎஸ்எஸ் என்ற 40 பிட் பூட்டால் பூட்டப்பட்டவை. உரிமம் பெற்ற கருவிகளுக்கும் மென்பொருள்களுக்கும் மட்டுமே அதன் சாவி உண்டு. லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்ற சிறிய நிரலகம் இருந்தால் பூட்டு திறந்துவிடும். ஆனால் சட்டம் இடம் கொடுக்குமா என்ற ஐயத்தால் பெரிய லினக்ஸ் வழங்கல்கள் அதைத் தம்மோடு சேர்த்துத் தருவதில்லை. இந்த நிலையில் ஒருவர் இணையக் குழுமத்தில் வந்து, வட்டு ஓடவில்லை, என்ன செய்வது என்று கேட்டால், நிரலகத்தின் பெயரைச் சொல்லலாமா? சொல்லத்தான் வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். ஐயத்துக்குரியது மென்பொருளா, அதைக் கொண்டு செய்யும் செயலா என்று பிரித்துப் பார்க்காத குழுமம் இரண்டில் ஒன்றைச் செய்கிறது: எதைக் கேட்டாலும் வாயை மூடிக்கொள்கிறது, அல்லது எதைக் கேட்டாலும் எடுத்து நீட்டுகிறது.

இந்தக் கேள்வி நீதிமன்றப் படி ஏறியதுண்டு. சிஎஸ்எஸ் பூட்டைத் திறக்கும் டிஇசிஎஸ்எஸ் என்ற நிரல் 1999 அக்டோபரில் இணையத்தில் வெளியானது. அதோடு பெயர் இணைக்கப்பட்ட நார்வேயின் யோன் லெக் யோஹான்சனுக்கு அப்போது வயது 15. அடுத்த ஜனவரியில் ஹாலிவுட் நிறுவனங்கள் எட்டு, அந்நிரலைத் தளத்தில் வெளியிட்ட 2600 என்ற இதழ்த்தரப்பின் மீது நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தன. இடைக்காலத் தடை வந்ததும் இதழ் நிரலை நீக்கியது. ஆனால் அது கிடைக்கும் பிற தளங்களுக்கு இணைப்புக் கொடுத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நீதிபதி லூயிஸ் கேப்லன் இணைப்பையும் தடைசெய்தார். 2001 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. குழுமங்களை வாயடைக்கும் ஆணையாகவே இத்தீர்ப்பு பேசப்படுகிறது. உள்ளே புகுந்து படித்தால் அது அவ்வளவு அகலமானதல்ல. நிரல் அந்தத் தளத்தில் இருப்பது இணைப்புக் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது சட்டப்படி வழங்கக் கூடாதது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், அதைப் பரப்பும் நோக்கத்தோடே இணைப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்றார் கேப்லன். நோக்கத்தை அளவுகோலாக்கியது சரி. ஆனால் அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் கருவியை வழங்குவதையே தடுத்ததால், கேட்டவர் தம் வட்டைத் தாம் பார்க்கவே கேட்டார் என்பதற்கு அங்கே எடை இல்லாமல் போயிற்று. ஆஸ்லோவிலோ யோஹான்சன் மீதான குற்றவழக்கு 2003 ஜனவரியில் விடுதலையில் முடிந்தது. டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. முறையாக வாங்கிய படத்தைப் பார்ப்பதற்குப் பூட்டைத் திறந்தவர் குற்றவாளியல்ல என்பதே அங்கே சாரம்.

ஊருக்கு ஊர் மாறுவது போலவே இந்த ஐயம் காலத்துக்குக் காலமும் மாறும். எம்பி3 பாடலை ஓட்டும் மென்பொருளைக்கூட ஃபெடோரா வழங்கல் காப்புரிமைக்கு அஞ்சிப் பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்திருந்தது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் அச்சமும் போயிற்று. நிரலின் இயல்பில் எதுவும் மாறவில்லை. டெபியன் கண்ட வழி இன்னும் கவனிக்கத் தக்கது. அதன் லிப்டிவிடி-பிகேஜி என்ற பொதியில் பூட்டுத் திறக்கும் நிரல் இல்லை. நிறுவும்போது அது பிரான்ஸில் பிறந்த விடியோலேன் திட்டத்தின் தளத்திலிருந்து மூலநிரலை இறக்கி, பயனரின் கணினியிலேயே தொகுத்துக் கொடுக்கிறது. பொருளைத் தராமல், பொருள் இருக்கும் நம்பகமான இடத்தை மட்டும் காட்டுவது என்ற நடைமுறை இப்படி ஒரு பொதிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

இந்தியச் சட்டம் இவ்விஷயத்தில் அமெரிக்கச் சட்டத்தைவிட நிதானமானது. நம்மவர் பலர் அமெரிக்க அச்சத்தை அப்படியே இறக்குமதி செய்துகொண்டது வேடிக்கைதான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65-ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவரையே தண்டிக்கிறது. இரண்டாண்டு வரை சிறை உண்டு. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு காரியத்துக்காகத் திறப்பதை அது விலக்கி வைக்கிறது. மறுபுறம், திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவது 63-பி பிரிவின்படி குற்றம். தொழிலுக்காக அல்லாமல் பயன்படுத்தினால் மட்டும் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். ஆக, கோடு எங்கே விழுகிறது என்பது தெளிவு. தன் வட்டைத் திறக்க வழி கேட்பவருக்கு வேண்டியது மாற்றுச் சாவி. விலைக்கு விற்கும் படத்தொகுப்பு மென்பொருளுக்குக் கிராக் கேட்பவருக்கு வேண்டியது கள்ளச் சாவி. முதலாமவருக்கு உதவுவது குழுமத்தின் கடமை. இரண்டாமவருக்கு அதே வேலையைச் செய்யும் கட்டற்ற மென்பொருளைச் சொல்லலாம். அதற்கு மேல் ஒன்றும் கடமை இல்லை.

கேட்பவர் பொய் சொன்னால் என்ன செய்வது என்பது வலுவான மறுப்பு. வாடகை வட்டைப் படியெடுப்பவரும் வாங்கிய வட்டு என்றுதான் சொல்வார். ஆனால் பூட்டுக் கடைக்காரரும் இந்த ஐயத்தோடேதான் தொழில் நடத்துகிறார்; அதற்காக ஊரில் சாவி செய்வதே நின்றுவிடவில்லை. மேலும், குழுமம் மறுத்தால் கேட்டவர் தேடலை நிறுத்திவிடுவதில்லை. தேடுபொறி காட்டும் முதல் முகவரிக்குப் போகிறார்; பெயர் தெரியாத ஒருவர் கட்டிவைத்த கோப்பை நிர்வாகி அனுமதியோடு இயக்குகிறார். கடவுச்சொல் திருடும் நிரல்கள் இலவச மென்பொருள் வேடத்தில் நுழையும் வாசல் இதுதான். நிரலை எழுதியவர்களின் சொந்தத் தளத்தைக் காட்டும் ஒரு வரி இந்த ஆபத்தைப் பெருமளவு தவிர்க்கும். பதில் சொல்லாமல் இருந்தால் பழி வராது என்ற எண்ணம், பாதிப்பு வேறொருவர் தலையில் விழுவதால் மட்டுமே நிற்கிறது.

ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர் வழக்கைத் தாங்குவாரா என்ற மறுப்பை அப்படித் தள்ளிவிட முடியாது. 65-ஏ பிரிவிலேயே ஒரு முள் இருக்கிறது. முறையான காரியத்துக்காகவே ஆனாலும், பிறர் பூட்டைத் திறக்க உதவுபவர், உதவி பெறுபவரின் பெயர், முகவரி, அடையாள விவரங்கள், காரணம் அனைத்தையும் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்கிறது அதன் காப்புவாசகம். கட்டணம் வாங்கித் திறந்து கொடுக்கும் கடைக்கு அது பொருந்தலாம். புனைபெயரில் கேட்பவருக்கு ஒரு வரியில் பதில் சொல்லும் குழுமத்துக்கு எப்படிப் பொருந்தும்? முகவரி கேட்டு வாங்கிச் சேர்த்து வைப்பது அந்தரங்கத்துக்கே புதிய கேடு. கட்டணமின்றித் தரும் பொதுவான விளக்கத்துக்கு இந்தக் காப்புவாசகம் பொருந்தாது என்று நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவர வேண்டும். அந்தக் கோரிக்கையை எழுப்ப வேண்டியவை கட்டற்ற மென்பொருள் குழுமங்களே.